சீனி டப்பாவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: ‘‘சிஸ்டருக்கு வணக்கம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. என் வீட்டுக்காரருக்கு வயது 54. பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன புரட்டாசியில் நடவு வயலில் காலில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அப்போதே ‘கிட்னியும் பாதிச்சிருக்கு’ என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு சுகர் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. நோய் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டோம். போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் தொப்பலாக வியர்த்து, கண்டபடி பேசி, என்னையே ‘யாரு நீ’ என்று கேட்டார். காற்றுக்கருப்பு என்று மாமியார் திருநீறு பூசினார். மகன் 108-க்கு போன் செய்தான். வந்தவர்கள் சுகர் 38 என்று சொல்லி, நரம்பில் குளுக்கோஸ் போட்டார்கள். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ராத்திரியில் எடுத்துத் தின்றுவிடுவார் என்பதால் எங்கள் வீட்டில் சீனி, வெல்லம் எல்லாம் பீரோவுக்குள்தான். பூட்டக் கூடாது என்கிறான் மகன். பூட்டாவிட்டால் கட்டுப்பாடே இருக்காது என்கிறார் மாமியார். டாக்டர், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ‘டயாலிசிஸ் போனவன் திரும்பி வந்ததில்லை. நிலத்தை வித்து எனக்குச் செலவு பண்ணாதே’ என்கிறார் இவர். ‘பெண்டாட்டி ஒரு கிட்னியைக் கொடுத்தா முடிஞ்சது’ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நான் எதைச் செய்வது, எதை விடுவது?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: தங்கச்சி, முதலில் சீனி டப்பா. உங்கள் மகன் சொல்வதுதான் சரி. பூட்டு வேண்டாம். இன்றைக்கே ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ் பவுடரும் ஒரு கரண்டியும் போட்டு, அவர் தலைமாட்டில் வையுங்கள். இன்னொன்று மோட்டார் கொட்டகையில் இருக்கட்டும். மூன்றாவது பொட்டலம் அவர் சட்டைப் பையில். இன்சுலின் போடுகிறவர் உள்ள வீட்டில் இனிப்பு என்பது மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்.

சுகர் தானாகக் குறைந்ததற்கு வருகிறேன். இதைப் பல குடும்பங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கின்றன. ‘ஊசி அளவு பாதியாக் குறைஞ்சிடுச்சு, நாட்டு மருந்து வேலை செய்யுது’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். வடிகால் நன்றாக இருக்கும் வயலில் பாய்ச்சிய தண்ணீர் இரண்டு நாளில் இறங்கிவிடும். வடிகால் தூர்ந்துபோனால் அதே தண்ணீர் ஒரு வாரம் நிற்கும், பயிர் அழுகும். போட்ட இன்சுலினில் ஒரு பங்கை உடம்பிலிருந்து வெளியேற்றும் வடிகால் சிறுநீரகம்தான். அது பழுதாகும்போது, காலையில் போட்ட ஊசி ராத்திரி வரை உடம்பில் நின்று சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். சில மாத்திரைகளும் அப்படித்தான். கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை, சிறுநீரகம் கெட்டவருக்கு ஒரு நாள் முழுக்கக்கூட சுகரை ஏறவிடாது. பசியும் குறைந்திருக்கும். எல்லாம் சேர்ந்துதான் அந்த 38. ஆகவே, மருந்தின் தேவை திடீரென்று குறைந்தால் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் அதே மாத்திரைகளை வாங்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள். மெட்ஃபார்மின் உட்பட பல மருந்துகளின் அளவு, சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து மாறும், சிலவற்றை நிறுத்தவே வேண்டியிருக்கும்.

அந்த விடியற்காலை மறுபடி வந்தால்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கோபம், குடித்தவர் போலக் குழறும் பேச்சு, இவைதான் அடையாளம். பல வருடம் சர்க்கரை இருந்தவருக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கிப்போகும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சாப்பிடும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. அவருக்குத் தெரியும் முன்பே பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். பனியன் நனைந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், அது போதும்.

விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ கொஞ்சம் தண்ணீரில் கலந்து குடிக்க வையுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ சோறோ கொஞ்சம் சாப்பிடட்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். பிஸ்கட், பால், சாக்லேட் எல்லாம் இந்த நேரத்துக்கு உதவாது, அவை மெதுவாகத்தான் ஏறும். அவர் மாத்திரைகளில் வோக்லிபோஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மாத்திரை, சீனி செரிமானமாவதையே தாமதப்படுத்தும். அதைச் சாப்பிடுகிறவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் எப்படியும் குளுக்கோஸ் பவுடரே இருக்கட்டும், குழப்பம் இல்லை.

நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வந்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ‘சரியாப் போச்சு, நீங்க போங்க’ என்று அனுப்பிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

திருநீறு பூசிய மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். மகன் காயம் பட்டாலே திருநீறு எடுப்பவர், வேறு என்ன செய்வார். ஆனால் இனிமேல் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். குளுக்கோஸ் டப்பா எங்கே இருக்கிறது, எத்தனை கரண்டி என்று அவருக்கும் பழக்கிவிடுங்கள். திருநீறு பூசிக்கொண்டே கரண்டியையும் எடுக்கட்டும்.

தடுப்பதற்கு இரண்டு பழக்கம் போதும். ஊசி போட்டால் உடனே சாப்பாடு. ஊசியைப் போட்டுக்கொண்டு, ‘மடையை மட்டும் திருப்பிட்டு வந்துடறேன்’ என்று கிளம்புவதுதான் விவசாயி வீட்டில் பாதிக் கூத்துக்குக் காரணம். தட்டில் சோற்றைப் போட்ட பிறகு ஊசியை எடுங்கள். அடுத்து, படுக்கும் முன் ஒரு முறை சுகர் பார்ப்பது. 100-க்குக் கீழே இருந்தால் வெறும் வயிற்றோடு தூங்க விடாதீர்கள். ஊசி அளவை எப்படி மாற்றுவது என்பதை அந்தக் குறிப்புகளைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு தேதி, நேரம், சுகர் எண், சாப்பிட்டது, போட்ட ஊசி என்று எழுதி வைத்தால், வெளி நோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடமும் உருப்படியாகப் போகும்.

ராத்திரியில் எடுத்துத் தின்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். சுகர் இறங்கும்போது உடம்பு இனிப்பைத் தேடும், எழுப்பித் தின்ன வைக்கும். அவர் திருடித் தின்றது ஆசையால்தானா, உடம்பு கேட்டதாலா என்று நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். திருட்டு ராத்திரிகளில் ஒன்றிரண்டு முறை சுகர் பாருங்கள்.

வலியில்லாத கால்

ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை என்கிறீர்கள். அதுதான் இந்த நோயின் பெரிய கொடுமை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அப்படி இல்லை, வலி தெரியாததால் சூட்டிலும் முள்ளிலும் ஆணியிலும் அடிபட்டு, அதே புண்ணின் மேல் நடந்து நடந்துதான் விரல் போகிறது என்று அவர் காட்டினார். சர்க்கரை நோயில் மரத்துப்போன காலுக்கும் அதே கதைதான். உங்கள் வீட்டுக்காரரின் நரம்பு சொல்லாததை உங்கள் கண் சொல்ல வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், டார்ச் லைட்டோடு இரண்டு காலையும் பாருங்கள். விரல் போன காலைவிட நன்றாக இருக்கும் வலது காலில்தான் இப்போது பாரம் அதிகம், அதை அதிகமாகப் பாருங்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு, ஆணிக்கால், கொப்புளம், சிவப்பு, ஓரிடம் மட்டும் சூடாக இருப்பது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். காலைக் கழுவி, இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. மரத்த காலை வெந்நீரில் வைத்து, தோல் உரிந்து வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆணிக்காலை பிளேடால் சீவுவது, அதற்கென்று விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவது, புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்பது, புகையிலை வைப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். புண் கறுத்தாலோ, வாடை வந்தாலோ, கால் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சந்தை நாள், அறுப்பு நாள் என்று பார்க்க வேண்டாம்.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் வார் வைத்தது. விரல் எடுத்த காலுக்கு அளவெடுத்துச் செய்து வாங்குவது நல்லது. வீட்டுக்குள்ளும் அதுதான். போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். கல்லோ கருவேல முள்ளோ உள்ளே கிடந்தால் அவருக்குத் தெரியாது.

சேற்றில் இனி அவர் இறங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ‘வயல் பக்கமே வராதே’ என்று சொல்லிவிடாதீர்கள். முப்பது வருடம் பயிர் செய்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தால், எந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். விதை தேர்வு, ஆள் கணக்கு, உரக் கணக்கு, எந்த நாள் எந்த வயல் என்ற முடிவு எல்லாம் அவரிடமே இருக்கட்டும். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது இருட்டில் மோட்டார் போட நடப்பதுதான் காலுக்கு ஆபத்து. கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவிக்கு மானியம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். படுத்த இடத்திலிருந்தே அவர் மோட்டார் போடட்டும்.

டயாலிசிஸ் போனவர் திரும்புவாரா?

‘டயாலிசிஸ் போனவன் திரும்பி வந்ததில்லை’ என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. மூச்சு முட்டி, உடம்பு ஊதி, கடைசி நிமிடத்தில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வந்தது. முன்கூட்டியே ஃபிஸ்டுலா போட்டு, நடந்து வந்து ஆரம்பித்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொண்டே பல வருடம் வாழ்கிறார்கள். பழுதான சிறுநீரகத்தை டயாலிசிஸ் குணப்படுத்தாது. அது செய்ய வேண்டிய கழிவு நீக்கும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரம் செய்கிறது. வழக்கமாக வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம்.

ஃபிஸ்டுலா என்பது கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன அறுவை. அது முற்றித் தயாராக ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். டாக்டர் இப்போதே கேட்பது அதனால்தான். தள்ளிப்போட்டால், அவசரத்தில் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். ஃபிஸ்டுலா போடப்போகும் கையில் இப்போதிருந்தே ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள். போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, தலைக்கு அணையாக வைத்துத் தூங்கக் கூடாது. தினமும் காலையில் அந்த இடத்தில் விரலை வையுங்கள். மோட்டார் ஓடும்போது பைப்பில் கை வைத்தால் தெரியுமே ஓர் அதிர்வு, அது இருக்க வேண்டும். அதிர்வு நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், அன்றைக்கே ஓடுங்கள். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள்.

வீட்டிலேயே செய்யும் வயிற்று வழி டயாலிசிஸும் இருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, நாளுக்குச் சில முறை மருந்து நீரை ஏற்றி இறக்க வேண்டும். பஸ் பயணம் மிச்சம், ஆனால் சுத்தமான ஓர் அறையும் கை சுத்தமும் கட்டாயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் அதே திட்டத்தில் வீடு தேடி வரும். உங்கள் ஊரில் வருகிறவர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்கு எந்த வகை ஏற்றது என்று டாக்டரிடம் இரண்டையும் வைத்துக் கேளுங்கள். மக்கள் கேட்காததால் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை.

நிலத்தை விற்கும் பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் காப்பீட்டு அட்டையைத் தேடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு, டயாலிசிஸும் அதில் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். சிகிச்சைச் செலவைவிட உங்களைக் கடிக்கப்போவது வாரம் மூன்று நாள் பஸ் கட்டணமும், துணைக்குப் போகும் ஆளின் கூலியும்தான். அதற்குத் திட்டம் போடுங்கள். இரண்டரை ஏக்கரில் ஒரு பங்கைக் குத்தகைக்கு விடலாம், ஆனால் காலமும் தொகையும் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டா யார் பெயரில், கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் எவ்வளவு, பாஸ்புக் எங்கே என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். இதைக் கேட்டால், ‘நான் செத்துடுவேன்னு பார்க்கறியா’ என்று அவர் கோபப்படலாம். ‘டயாலிசிஸ் நாள்ல சொசைட்டிக்கு யார் போறது’ என்று கேளுங்கள், கோபம் அடங்கிவிடும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். சர்க்கரைக்கு நல்லது என்று இதுவரை சொன்ன சில உணவுகள், சிறுநீரகம் கெட்டால் ஆகாமல் போகலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் திடீரென்று நிற்கும். அது ஏறியிருக்கிறது என்று பரிசோதனை சொன்னால், தோட்டத்து இளநீரும் வாழைப்பழமும் கீரைச் சாறும் அவருக்கு எதிரி. ‘கிட்னிக்கு நல்லது’ என்று வாழைத்தண்டுச் சாறு கொடுப்பார்கள். கல்லுக்குச் சொன்ன வைத்தியத்தைச் செயலிழப்புக்குச் செய்கிறார்கள், இரண்டும் வேறு. நட்சத்திரப் பழம் கண்ணிலேயே படக் கூடாது, சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சு. காய்களை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும், வாங்காதீர்கள். தண்ணீருக்கு டாக்டர் அளவு சொன்னால், காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். காப்பி, ரசம், நீராகாரம் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மீதி எவ்வளவு என்று அவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் போட்டுக்கொள்ளும் வலி ஊசி, வலி மாத்திரை இரண்டும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும்.

‘கிட்னியை மீட்கும் மூலிகை’ என்று பொடி விற்கிறவர்கள் உங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

கிட்னி கொடுப்பது பற்றி

1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவு. 2011-ல் செய்த திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அதாவது, சட்டம் பெண்டாட்டியை மட்டும் கை காட்டவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பேசுகிறவர்களிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், கூட்டம் கலைந்துவிடும். கொடுக்க உங்களுக்கே விருப்பமிருந்தால் அது பெரிய காரியம், தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் உங்கள் சுகர், பிரஷர், சிறுநீரகம் எல்லாம் பார்த்து, ‘நீங்கள் கொடுக்கலாம்’ என்று டாக்டர்கள் சொல்ல வேண்டும். விருப்பமில்லை என்றால், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம், அதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இறந்தவர்களிடமிருந்து பெறும் சிறுநீரகத்துக்கு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து காத்திருக்கும் வழியும் இருக்கிறது. அவருக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. கூச்சப்படாமல் படியுங்கள். பல வருடச் சர்க்கரை, ஆண்களின் தாம்பத்திய உறவுக்கான நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதிக்கும். அதைச் சொல்லத் தெரியாமல் அவர் எரிந்து விழுவதும், விலகிப் படுப்பதும் உண்டு. உங்கள் மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சிடுசிடுப்போடு தூக்கமும் பசியும் போய், ‘எதுக்கு வாழணும்’ என்ற பேச்சு அடிக்கடி வந்தால் அது மனச்சோர்வு. அதற்கும் மருந்து இருக்கிறது, 104-க்கு போன் செய்தாலே பேசுவார்கள். பூச்சிமருந்து டப்பாக்களை மகன் பொறுப்பில் கொட்டகையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பூட்ட வேண்டியது அதைத்தான்.

உங்கள் சுகரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ராத்திரிக் காவலை மகனோடு முறை போட்டுக்கொள்ளுங்கள், அவன்தானே 108-க்கு போன் செய்தது, பொறுப்புள்ள பிள்ளை.

கேள்வி: ‘‘என் மனைவிக்குச் சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர் வைத்தும் பார்வை முன்பு போல வரவில்லை. பணம் வீணா? இன்சுலினை இப்போது நான்தான் ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறேன்.’’

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: வீண் இல்லை. லேசர், போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவதற்காகச் செய்வது அல்ல, இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது. இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. டாக்டர் சொன்ன தேதிகளில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் ஊசி ஏற்றித் தருவது நல்ல காரியம். ஒன்றை மட்டும் இன்றைக்கே பாருங்கள். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலுவில் வருகிறது. ஊசியும் அதே போல இரண்டு வகை. 40-க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் பாட்டிலில் இருந்து சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை எடுத்தால், மருந்து இரண்டரை மடங்கு ஏறிவிடும். ஊசி வாங்கக் கடைக்குப் போகும்போது இன்சுலின் வந்த அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.